பட்டாளத்தார் செய்த வாள்

'ணங்' என்று ஒரு சத்தம் பட்டறைப் பக்கமிருந்து வந்தது.

அடுப்படியில் குனிந்து கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்த ராஜாக்கண்ணுவின் கை நின்றது. வாளை வாங்கிப் போக வந்தவன் பொறுக்காமல் அதைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துவிட்டான். நகத்தால் வாளைச் சுண்டிப் பார்க்கிறான். சத்தம் நடுங்கவில்லை, கரகரக்கவில்லை. நூல் பிடித்தாற்போல் நீண்டு மெல்ல அடங்கியது. எங்கும் விரிசல் இல்லை. கண்ணால் பார்க்காமலே அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வீட்டில் அவர் எழுப்பாத ஒரு சத்தம் அவர் காதில் விழுந்து வெகு நாளாயிற்று. பதினைந்து வருஷமாக அவர் வைத்த சொம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. நகர்த்த யாரும் இல்லை.

"பட்டாளத்தாரே, இது இன்னா வாளா, கோயில் மணியா?" என்று கேட்டுக்கொண்டே வடிவேலு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

மலையடிவாரத்து ஒடுகத்தூர் எண்ணெய் மில் முதலாளியின் ஆள் அவன். அந்த வருஷம், அறுபத்திரண்டில், முதலாளி சட்டசபைக்கு நின்றார். மலை ஓட்டுகளைச் சேர்த்துக் கொடுப்பது வடிவேலுவின் வேலை. அதற்காக வாரத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க மலை ஏறினான்.

"வெரலு வச்சீங்களா?" என்று கேட்டார் ராஜாக்கண்ணு.

"நகந்தான் பட்டுது."

"வேர்வ பட்டா துரு புடிக்கும். தொடச்சி வச்சிடுங்க."

"துரு புடிக்கிறதுக்குள்ள எலக்சன் முடிஞ்சிரும், வுடு." வடிவேலு கூழை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஊரு நாட்டார்கிட்ட பேசி முடிச்சாச்சி. நாளன்னிக்கி காளியம்மன் கோயில்ல ஊரு கூடுது. அங்கியே பொண்ண உங்கிட்ட ஒப்படைக்கிறாங்க. வூட்ட பெருக்கி வையி" என்றான்.

சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, ஒரு வரிக்குப் பக்கத்தில் கோடு போட்டான். ராஜாக்கண்ணு பட்டாளத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். நோட்டு தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. 'மேல்பட்டு, 41 ஓட்டு, ஓட்டுக்கு ஐந்து ரூபாய். நாட்டார், கைக்கடிகாரம். கோயில், வெண்கல மணி. ராஜாக்கண்ணு, வாள், பெண்.'

கடைசி வரியில் அவர் கண் ஒரு நிமிஷம் தங்கியது. பிறகு, "இன்னும் கொஞ்சம் கூழ் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

வீட்டை அவர் ஏற்கெனவே பெருக்கியிருந்தார். சந்தைக்குப் போய்ப் புதுப் பாய் ஒன்று, மரச்சீப்பு, சிவப்பு ரிப்பன், கையகலக் கண்ணாடி எல்லாம் வாங்கி வந்திருந்தார். அவள் எவ்வளவு உயரம் என்று தெரியாததால், கண்ணாடியை எங்கே மாட்டுவது என்று விளங்காமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். பதினாறு வயதுப் பெண்ணின் தகப்பன் அவர். அந்தப் பெண்ணின் உயரம் அவருக்குத் தெரியாது.

தெரியாமல் போன கதை இருபது வருஷத்துக் கதை.

உலக யுத்தத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் ராஜாக்கண்ணு வேலூருக்கு நடந்து போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். செல்லியைக் கட்டி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெங்களூரில் அவருக்குக் கொல்லு வேலை பழக்கினார்கள். அங்கிருந்து பர்மா. மாதா மாதம் பதினைந்து ரூபாய் மணியார்டர் மலைக்குப் போயிற்று. கடிதமும் போட்டார். ஆனால் அவர் ஊரான மேல்பட்டில் கடிதத்தைப் படிக்க ஆள் கிடையாது. தபால்காரர் கொண்டுவந்து எண்ணிக் கொடுக்கும் பதினைந்து ரூபாய்தான் ராஜாக்கண்ணு உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஊருக்குத் தெரிந்த ஒரே சாட்சி.

பர்மாக் காட்டில் அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாறினார். அவருடைய காகிதங்கள் வேறெங்கோ போய்ச் சேர்ந்தன. ஒன்பது மாதம் மணியார்டர் வரவில்லை. ஊர் கூடி யோசித்தது. பணம் நின்றது என்றால் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம் என்று முடிவு செய்தது. உயிரோடு இருந்தவருக்குக் கருமாதி செய்தார்கள். இரண்டு மேடு தாண்டி இருந்த சின்னராசு, அழுதுகொண்டிருந்த செல்லியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அதற்கும் ஒரு வருஷம் கழித்து மணியார்டர் மறுபடி வரத் தொடங்கியபோது செல்லி நிறைமாதம்.

'வாங்க ஆள் இல்லை' என்று திரும்பிய அந்தப் படிவங்கள், கடல் தாண்டி, ஜப்பானில் ஒக்காயாமா என்ற ஊரில் ராஜாக்கண்ணுவின் கைக்கு வந்து சேர்ந்தன. காய்ச்சல் தேறிய அவரும், தோற்ற நாட்டைக் காவல் காக்கப் போன படையில் இருந்தார்.

எரிந்து கருகிய ஊர் அது. வீடு வீடாகப் பறித்துக்கொண்டு வந்த வாள்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் விறகு மாதிரி குவித்திருந்தார்கள். அவற்றை உடைத்துப் போடுவது ராஜாக்கண்ணுவின் வேலை. பிடிகளைக் கழற்றித் தருவதற்கு உள்ளூர்க் கூலி ஒருவர் வந்தார். பெயர் மோரிதா. ராஜாக்கண்ணுவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். குண்டு விழுந்த அன்று மனைவியும் மகனும் போய்விட்டார்கள். வாள் செய்து பிழைத்த மனிதர், வாள் செய்யவே கூடாது என்று தடை வந்த பிறகு, வாள் உடைக்கும் இடத்தில் கூலிக்கு நின்றார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ராஜாக்கண்ணு ஒரு வாளைத் தூக்கி எறிந்தார். அது தரையில் பட்டு மணியாக ஒலித்தது. மோரிதா குனிந்து அதை எடுத்தார். பிடியில் இருந்த சிறு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, பிடியை உருவினார். உள்ளே மறைந்திருந்த இரும்பில் கொத்திய எழுத்துகள் தெரிந்தன. செய்தவனின் பெயர். மோரிதா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வாளை வாங்கியவன் அதைப் பார்ப்பதில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவனும் பார்ப்பதில்லை. பிடிக்குள் ஒளிந்து கிடக்கிற பெயர் அது.

பிறகு இன்னொரு வாளை எடுத்தார். அதுவும் மோரிதா செய்ததுதான். பெயர் மட்டும் இல்லை. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒரு பையனை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார். சண்டை நாளில் அதிகாரிகள் அரிசி மூட்டையோடு வருவார்களாம். மூன்று மாதத்தில் செய்ய வேண்டியதை ஒரு வாரத்தில் கேட்பார்களாம். வீட்டில் பசி. செய்து கொடுத்தார். பெயர் கொத்த மட்டும் கை வரவில்லை. அதைச் சொல்லும்போது அந்த வாளைத் தரையில் குப்புறப் போட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாக்கண்ணு அவருடைய எரிந்த பட்டறைக்குப் போனார். போக வேறு இடம் இல்லாத இரண்டு பேர். வாள் கூடாது என்பதால் சாண் நீளத்தில் கத்தி அடித்தார்கள். அங்கே எஃகு பிறப்பதே கருமணலில் இருந்து. மணலையும் கரியையும் மண் உலையில் மூன்று நாள் இரவு பகலாக எரித்து, கடைசியில் உலையையே உடைத்து அந்தக் கட்டியை எடுப்பார்களாம். மோரிதாவிடம் பழைய கட்டி கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைச் சில்லாக உடைத்து, உடைந்த முகத்தின் பளபளப்பைப் பார்த்தே கெட்டி எது, இளக்கம் எது என்று பிரித்தார். கெட்டிச் சில்லுகளை அடுக்கி, நனைத்த காகிதத்தில் சுற்றி, களிமண் குழம்பு ஊற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி உலையில் வைத்தார். பழுத்ததும் அடித்து நீட்டி, நடுவில் வெட்டி, வேட்டி மடிக்கிறாற்போல் மடித்து மறுபடி அடித்தார்கள். பத்து மடிப்பு, பன்னிரண்டு மடிப்பு. கெட்டி எஃகு மேலே தோலாக, இளகிய இரும்பு உள்ளே சதையாக. தோல் மட்டும் இருந்தால் உடையும், சதை மட்டும் இருந்தால் மழுங்கும்.

கடைசி வேலைதான் ராஜாக்கண்ணுவை அடித்துப் போட்டது. முதுகுப் பக்கம் கனமாகவும் கூர்ப் பக்கம் மெல்லிசாகவும் களிமண் பூசி, நெருப்பின் நிறம் தெரிவதற்காகப் பட்டறையை அடைத்து இருட்டாக்கி, பழுத்த கத்தியைத் தண்ணீரில் இறக்கினார் மோரிதா. நேராக உள்ளே போனது வளைந்து வெளியே வந்தது. யாரும் தட்டவில்லை, திருகவில்லை. வளைத்தது யார் என்று ராஜாக்கண்ணு கையால் கேட்டார். மோரிதா தண்ணீரைக் காட்டினார். சில கத்திகள் வளையாமல் 'டிக்' என்று விரிசல் கண்டு கீறிவிடும். கீறியதை எந்தக் கொல்லனாலும் சேர்க்க முடியாது என்று சைகையில் சொல்லி, ஓரமாக வைப்பார்.

நாற்பத்தேழில் ராஜாக்கண்ணு மலைக்குத் திரும்பினார். செத்தவர் வந்துவிட்டார் என்று குழந்தைகள் ஓடின. செல்லி இரண்டு மேடு தாண்டி, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு இருந்தாள்.

மேல்பட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு வீட்டுக்குப் போன மனைவியைப் புருஷன் ஊர்த் தலைவரான நாட்டார் முன்னால் ஒரு துரும்பை இரண்டாக்கிப் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். துரும்பு முறியாத வரைக்கும், அவள் எந்தக் கூரையின் கீழ் பெற்றாலும் பிள்ளை பழைய புருஷனின் பிள்ளைதான். முறிந்துவிட்டால் பிள்ளையும் புதுப் புருஷனுக்கே. நாட்டார் ரங்கன் துரும்பை எடுத்து நீட்டினார். "முடிச்சி வுட்ருப்பா. உனக்கும் ஒரு பொண்ணு பாக்கலாம்" என்றார்.

ராஜாக்கண்ணு வாங்கவில்லை. கோபம் இல்லை. செல்லியின் மேல் அவருக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. தனக்குக் கருமாதி நடந்த ஊரில், அந்தத் துரும்பும் முறிந்துவிட்டால், தன்னைச் சேர்ந்தவர் என்று சொல்ல இந்த உலகத்தில் ஓர் உயிரும் மிஞ்சாது என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

அப்படியாக, பூங்கோதை என்ற அந்தக் குழந்தை சின்னராசுவின் தோளில் வளர்ந்தும் 'ராஜாக்கண்ணு மவ' என்றே அழைக்கப்பட்டாள். திருவிழாவில் இரண்டு தடவை அவளைப் பார்த்தார். ஐந்து வயதில் சின்னராசுவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பத்து வயதில் ஒளியவில்லை. பார்க்காத மாதிரி போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அவர் உலையை மூட்டாமலே துருத்தியை வெகு நேரம் இழுத்துக்கொண்டிருந்தார்.

அவளைத் தன்னிடம் தரும்படி நாட்டாரைப் பல தடவை கேட்டதுண்டு. வழக்கம் அவர் பக்கம்தான். ஆனால் செல்லி ஒவ்வொரு தடவையும் நாட்டாரின் காலில் விழுந்தாள். நாட்டாரும், "வளரட்டும், பாக்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

போன தை மாதம் வடிவேலு வந்து உட்கார்ந்தபோதுதான் காரியம் திரும்பியது.

"போன எலக்சன்ல இன்னா ஆச்சி தெரியுமா?" என்று ஆரம்பித்தான். "உங்க ஊரு சனங்க எங்ககிட்ட பணத்த வாங்கி, கற்பூரம் அணச்சி சத்தியம் பண்ணாங்க. எதிர்க்கட்சிக்காரன் வந்தான். அவங்கிட்டயும் வாங்கி, அவன் கற்பூரத்தயும் அணச்சாங்க. ஏன்டான்னு கேட்டா, உன் கற்பூரம் அப்பவே கரஞ்சி போச்சே, சத்தியம் மட்டும் எங்க கீதுன்றாங்க."

ராஜாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. முதலாளி என் கழுத்தப் புடிக்கிறாரு. கரையாத பொருளு ஒண்ணு வேணும். இரும்பத் தாண்டி சொன்ன வார்த்தைய இந்த மலையில எவனும் மீற மாட்டான்னு நாட்டாரு சொல்றாரு. உன் ஜப்பான் வாளு கதய வேற பதினஞ்சி வருசமா எல்லார்க்கும் சொல்லி வச்சிக்கீற. அந்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. பொய் சொன்னவன் கால அறுக்கும்னு நான் பரப்பி வுட்றேன். தேர்தல் முடிஞ்சா முதலாளிக்கு மேடையில வீரவாளா குடுத்துக்கலாம். ஒரே செலவு."

"எனக்கு எதுக்குங்க அது?"

"உனக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும்." வடிவேலு குரலைத் தாழ்த்தினான். "நாட்டார் சொன்னா பொண்ணு வரும். நாட்டாருக்கு நாங்க சொன்னா போதும்."

பதினைந்து வருஷமாக வழக்கமும் ஊர்ப் பேச்சும் நகர்த்தாததை ஒரு கைக்கடிகாரம் நகர்த்திவிடும். அது சரியா தப்பா என்று ராஜாக்கண்ணு யோசிக்கவில்லை. யாருக்குச் சமைத்தாய் என்று கேட்க ஆள் இல்லாத ஒரு வீட்டில் பதினைந்து வருஷம் சாப்பிட்டவர் அவர்.

காட்டு காண்ட்ராக்டரின் லாரியில் உடைந்த ஸ்பிரிங் பட்டையை வாங்கி வந்தார். அது கெட்டி. தேய்ந்த கலப்பைக் கொழு இளக்கம். வைக்கோலுக்குப் பதில் சாமைத் தாள் சாம்பல், களிமண்ணுக்குப் பதில் புற்றுமண். ஆள் துணை இல்லாமல் ஒரு கையால் துருத்தி, ஒரு கையால் சம்மட்டி. முதல் வாள் தண்ணீரில் கீறியது. இரண்டாவதும் கீறியது. மூன்றாவதை இறக்கும்போது, அறியாமலே அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். வாள் மெல்ல வளைந்து வெளியே வந்தது. ராஜாக்கண்ணு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கோயிலில் ஊர் கூடிய நாள் வந்தது.

காளியம்மன் முன்னால் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வாளை வைத்திருந்தார்கள். நாட்டார் ரங்கன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டு புதுக் கடிகாரம் தெரிய உட்கார்ந்திருந்தார். மணி பார்க்கத் தெரியாது; யாராவது கேட்டால் கையை நீட்டுவார். ஒவ்வொருவராக வந்து, வாளைத் தாண்டி, முதலாளியின் தேர்தல் சின்னத்தைச் சொல்லி, வடிவேலுவிடம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெரியம்மாள் என்ற கிழவியின் முறை வந்தது. "ஏம்பா, நான் தாண்டணும்னா பொடவயத் தூக்கணும். அதுக்கு தனியா ஒரு ரூபா குடு" என்றாள்.

"தாண்டு கெழவி. உன்ன யாரு பாக்கப் போறா?"

"பாக்காததுக்குத்தான் கேக்கறேன்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், கிழக்குப் பாதையில் மூன்று பேர் வருவது தெரிந்தது. முன்னால் சின்னராசு. தலையில் ஒரு துணி மூட்டை. பின்னால் பூங்கோதை. இன்னும் பின்னால், நடக்க மாட்டாதவளைப் போல் செல்லி.

ராஜாக்கண்ணு எழுந்து நின்றார். பெண் அவர் நினைத்ததைவிட உயரம். கண்கள் செல்லியின் கண்கள். அழுது முடித்த முகம். தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னராசு சண்டை போடுவான் என்று ராஜாக்கண்ணு எதிர்பார்த்திருந்தார். அதற்கான பதில்களை எல்லாம் மனசுக்குள் தயாரித்து வைத்திருந்தார். சின்னராசு சண்டை போடவில்லை. மூட்டையை இறக்கி ராஜாக்கண்ணுவின் காலடியில் வைத்தான். நிமிர்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"காலைல கஞ்சி சூடா இருந்தா அவளுக்கு ஆவாது. வயித்தப் புடிச்சிக்கும். ஆத்திக் குடு."

பிறகு, "இடி இடிச்சா பயப்படுவா. எழுப்பி பேச்சு குடுத்துக்கினே இருக்கணும்" என்றான். மூட்டையின் முடிச்சைத் தேவையில்லாமல் இன்னொரு தடவை இறுக்கினான்.

ராஜாக்கண்ணு அந்தக் கைகளைப் பார்த்தார். பதினாறு வருஷம் கஞ்சி ஆற்றிய கைகள். பாயும் சீப்பும் ரிப்பனும் வாங்கிய தனக்கு, கஞ்சியை ஆற்ற வேண்டும் என்பது தெரியாது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாலும், அது சின்னராசுவுக்குத் தெரிந்த மாதிரி தெரியாது. வடிவேலு நோட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நின்றான். அந்தப் பெண்ணை ஒப்படைத்ததாக ஒரு கோடு போட வேண்டும்.

"ம், ஆவட்டும். நீயும் தாண்டிட்டு பொண்ணக் கூட்டிக்கினு போ" என்றான்.

ராஜாக்கண்ணு வாளின் அருகே போனார். தாண்டவில்லை. கோயில் கூரையிலிருந்து நீண்டிருந்த ஒரு துரும்பை இழுத்தார்.

"நாட்டாரே, பதினஞ்சி வருசமா கேட்டுக்கினு இருந்தியே" என்றார். எல்லாருக்கும் கேட்டது. "இந்தா, பாத்துக்கோ."

வாளை எடுத்துக் கூர் மேலே இருக்கும்படி பிடித்தார். துரும்பை அதன் மேல் வைத்தார். அழுத்தவில்லை, மெல்ல ஓர் இழுப்பு. இரண்டு துண்டும் சத்தமில்லாமல் வெள்ளை வேட்டியில் விழுந்தன.

"யோவ், இன்னா காரியம் பண்ணிட்ட?" ரங்கன் பாதி எழுந்தார். "பொண்ணு உனக்குத்தான்னு சொல்லி முடிச்சாச்சே."

"செல்லிய தீத்து வுட்டுட்டேன். பொண்ணு அவங்க அப்பன் வூட்டுக்குப் போவட்டும்."

ஊர் முழுவதும் பார்த்த துரும்பு. எந்தக் கடிகாரத்தாலும் அதை ஒட்ட வைக்க முடியாது. செல்லி இருந்த இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னராசு மூட்டையைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. கேட்டது நிஜமா என்று நாட்டாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பூங்கோதைதான் குனிந்து மூட்டையை எடுத்தாள். எடுக்கும்போது முதல் தடவையாக ராஜாக்கண்ணுவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

வடிவேலு காரியக்காரனாக ராஜாக்கண்ணுவின் கையிலிருந்த வாளை வாங்கி, பழைய இடத்தில் வைத்தான். "பொண்ணு வேணாம்னா அது உன் இஷ்டம். வாளு எங்களுது. தள்ளி நில்லு, சனங்க காத்துக்கினு கீது" என்றான்.

சனங்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். துரும்புத் துண்டுகளை யாரோ காலால் ஒதுக்கினார்கள். அடுத்தவர் வந்து வாளைத் தாண்டினார். அடுத்தவர். அடுத்தவர். ராஜாக்கண்ணு மட்டும் தாண்டாமல் வீட்டுக்கு நடந்தார். வடிவேலு நாற்பத்தொன்றை அடித்து நாற்பது என்று எழுதிக்கொண்டான்.

முதலாளி ஜெயித்தார். மலை ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை என்று பேசிக்கொண்டார்கள். வாளின் முகத்தில் முதலாளியின் பெயரைப் பித்தளையில் பெரிதாகப் பதித்து, மில் ஆபீசில் மாட்டியிருப்பதாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். ராஜாக்கண்ணு போய்ப் பார்க்கவில்லை. அரிவாளும் களைக்கொத்தும் அடித்துக்கொண்டிருந்தார். பாயை விரிக்காமல் சுருட்டியபடியே வைத்திருந்தார். ஒருவர் சமைத்து ஒருவரே சாப்பிடும் அந்த வீட்டில், ஒரு மாதம் எதிர்பார்ப்போடு இருந்துவிட்டதால், மௌனம் முன்பைவிடக் கனமாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. பூங்கோதை நின்றிருந்தாள்.

ராஜாக்கண்ணு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மணையை எடுத்துப் போட்டார். "உக்காரும்மா."

"இல்ல. கீழ வழியில பொண்ணுங்க நிக்குது." உள்ளே ஓரடி வந்து நின்றாள். "வர்ற வெள்ளிக்கெழம எனக்குக் கல்யாணம்."

"கேள்விப்பட்டேன். பையன் இன்னா பண்றான்?"

"தேன் எடுக்குது. எந்த மரத்திலயும் ஏறும்." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. "உன்னக் கூப்புடக் கூடாதுன்னு நாட்டாரு சொல்லிட்டாரு. துரும்ப அறுத்தவங்க பந்தல்ல கால் வைக்கக் கூடாதாம்."

"தெரியும்மா. வழக்கம் அதுதான்."

"அதான் நானே வந்தேன்." புடவை முனையை விரலில் சுற்றினாள். "பொறந்ததுல இருந்து எல்லாரும் என்ன 'ராஜாக்கண்ணு மவ'ன்னுதான் சொல்வாங்க. எனக்குப் புடிக்காது. இப்ப எங்க அப்பா பேரு சொல்றாங்க. எங்க அப்பா அதக் கேக்கறதுக்குன்னே என்ன ஊரெல்லாம் கூட்டிக்கினு சுத்துது." அவரைப் பார்த்தாள். "நா உன்ன இன்னா மொற சொல்லிக் கூப்புட்றது?"

ராஜாக்கண்ணு யோசித்தார். அப்பா என்பது கஞ்சி ஆற்றியவனுக்கு உரியது. பெரியப்பா என்றால் சின்னராசுவுக்கு அண்ணனாக வேண்டும். மாமா என்றால் செல்லிக்கு அண்ணன் தம்பியாக வேண்டும். அந்த நினைப்பிலேயே அவர் மனசு கூசியது. மலையில் முறை இல்லாத மனிதர் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை கடுக்காய் வாங்க வரும் வாணியம்பாடி ஷஃபியுல்லா பாய்க்குக்கூட ஒரு முறை உண்டு. குழந்தைகள் அவரை மாமா என்று கூப்பிட்டு ஓடுவார்கள். ராஜாக்கண்ணு எல்லா முறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் அவருக்குப் பொருந்தவில்லை.

"ஒண்ணும் கூப்புட வேணாம்மா" என்றார். "வந்தியே, அது போதும்."

அவள் தலையை ஆட்டினாள். கீழ்ப் பாதையிலிருந்து பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்ப வர்றேங்க" என்றாள்.

ரேஞ்சருக்கும் தபால்காரருக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் மலைக்காரர்கள் போடுகிற 'ங்க' அது. சொந்தத்துக்குப் போடுவதில்லை. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அது என்ன வார்த்தை என்று அவளுக்கும் உறைத்ததோ என்னவோ, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.

தூறல் உள்ளே அடித்தது. போகிற போக்கில் அவளே கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.